ஒரு சென்டிமீட்டரில் எண்ணூறு

படக்காரர் என்றதும், கல்யாண வீடுகளில் படம் எடுப்பவர் போலிருக்கிறது என்றுதான் எங்கள் தெருவுக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். ஒருவர் வீடு தேடி வந்து தேதிகூடக் கேட்டிருக்கிறார். மனுஷர் தம் வாழ்நாளில் ஒரு மணமகளையும் படம் எடுத்ததில்லை. அவர் எடுத்ததெல்லாம் இரும்புக் குழாய்களைத்தான்.

தெருக் கோடியில் கொதிகலன் தொழிற்சாலை. குழாயோடு குழாயைப் பற்றவைத்த இடம் வெளியே பார்க்க வழவழவென்று இருக்கும். உள்ளே விரிசல் ஓடியிருக்கும், காற்றுக்குமிழி மாட்டிக்கொண்டிருக்கும். நீராவி ஏறிய பிறகு அது பிய்த்துக்கொண்டால் பக்கத்தில் நிற்பவர்கள் கதி அவ்வளவுதான். அதனால் ஒவ்வொரு பற்றவைப்பையும் கதிர் பாய்ச்சிப் படம் பிடித்துப் பார்த்த பிறகே வெளியே அனுப்புவார்கள். அதற்கு அவரிடம் கனத்த பெட்டி ஒன்று இருந்தது. பெட்டிக்குள், ஒரு கம்பியின் நுனியில், அரிசி மணி அளவுக்கு ஓர் உலோகத் துண்டு. கதிர் அதிலிருந்துதான் கிளம்பும். யாரும் முடுக்க வேண்டியதில்லை, யாராலும் அணைக்கவும் முடியாது. பெட்டியின் சுவர்தான் அதை அடக்கி வைத்திருந்தது.

சாப்பாட்டுச் சங்கு ஊதி எல்லாரும் கொட்டகையை விட்டு வெளியேறிய பிறகுதான் அவருக்கு வேலை ஆரம்பிக்கும். குழாயின் ஒரு பக்கம் ஃபிலிமைக் கட்டுவார். மறுபக்கம் ஒரு குழலின் முனையைக் கட்டுவார். சுற்றிலும் கயிறு இழுப்பார். பிறகு எண்ணி நாற்பது எட்டு வைத்துத் தள்ளிப்போய், ஒரு சுவருக்குப் பின்னால் நின்று, கைப்பிடியைச் சுற்றுவார். துண்டு பெட்டியை விட்டுப் புறப்பட்டுக் குழல் வழியே போய் முனையில் நிற்கும். கணக்குப் போட்டு வைத்த நேரம் ஆனதும் திருப்பிச் சுற்றி உள்ளே இழுப்பார். அப்புறமும் நம்பமாட்டார். கதிரைக் காட்டும் மீட்டரை முன்னால் நீட்டிக்கொண்டு அடி அடியாகத்தான் கிட்டே போவார். துண்டு வெளியே இருக்கும்போது கயிற்றுக்குள் ஒரு ஆள்கூட இருக்கக் கூடாது. இருபத்திரண்டு வருடமாக அவருக்கு அதுதான் வேதம். கூட வேலை பார்த்த ஒருவர், கழன்று விழுந்த துண்டை ஏதோ ஆணி என்று நினைத்துக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டார். அந்த வருடம் முடிவதற்குள் அவருக்கு மூன்று விரல்களை எடுத்துவிட்டார்கள்.

இதில் ஒரு வார்த்தையையும் அவர் வீட்டில் சொன்னதில்லை. வீட்டுக்காரிக்குத் தெரிந்ததெல்லாம், இவர் குழாயைப் படம் எடுக்கிறார், சாயங்காலம் வந்ததும் குளிக்காமல் எதையும் தொடமாட்டார் என்பதுதான். கதிர் துணியில் ஒட்டிக்கொண்டு வராது என்று அவருக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் குளிப்பார்.

அந்த வீட்டுக்காரிதான் எனக்கு இந்தக் கதையைச் சொன்னவள். தெருவில் அவளுக்கு ரொட்டியக்கா என்று பெயர். முனையிலிருக்கும் பேக்கரியில் மாவு பிசைகிற வேலை. பிசைந்த மாவை அவள் கிள்ளிப் போட்டால் தராசே தேவையில்லை என்பார்கள். பேச்சு மட்டும் அளவில்லாமல் வரும். அதனால் அவள் சொன்னதில் கால் பங்கைக் கழித்துவிட்டுத்தான் எழுதுகிறேன். மிச்சத்தை அவள் தங்கையிடம் விசாரித்துச் சரிபார்த்துக்கொண்டேன். தங்கைக்குக் கற்பனை என்பது மருந்துக்கும் கிடையாது.

ரொட்டியக்காவுக்கு அப்போது ஐம்பத்திரண்டு வயது. மாதவிலக்கு நின்று இரண்டு வருடமாகியிருந்தது. மறுபடி ரத்தம் பட்டபோது, மாவு மூட்டை தூக்கினதால் இருக்கும் என்று தானே ஒரு காரணத்தைக் கண்டுபிடித்து, தானே அதை நம்பி, எட்டு மாதத்தை ஓட்டிவிட்டாள். ஒருநாள் வேலை செய்யும் இடத்திலேயே தலை சுற்றி மாவுத் தொட்டியில் சாய்ந்தாள். தங்கை வந்து தரதரவென்று ஆஸ்பத்திரிக்கு இழுத்துக்கொண்டு போனாள். கருப்பை வாயில் புற்றுநோய் என்றார்கள்.

முதல் ஐந்து வாரம் வெளியிலிருந்து கதிர் வைத்தார்கள்; வாரத்துக்கு ஒருநாள் மருந்தும் ஏற்றினார்கள். படக்காரர் அப்போதெல்லாம் தைரியமாகத்தான் இருந்தார். "அது மெஷின். மின்சாரத்துல ஓடுது. சுவிட்சை அணைச்சா அதோட சரி" என்று தெருவில் எல்லாருக்கும் பாடம் எடுத்தார். ரொட்டியக்காவுக்கு வயிறு போய்க்கொண்டே இருந்தது. தணலில் வாட்டிய ரொட்டியைத் தவிர எதுவும் தங்கவில்லை. இத்தனை வருடம் ஊருக்கெல்லாம் ரொட்டி செய்ததற்கு அது நன்றிக்கடன் தீர்க்கிறது என்று சொல்லிச் சிரித்தாள்.

முப்பத்தொன்பதாவது நாள் டாக்டரம்மா கூப்பிட்டு உட்காரவைத்துப் பேசினார்.

"கட்டி பாதிக்கு மேல சுருங்கிடுச்சு. நல்ல விஷயம். மிச்சத்துக்கு வெளியிலேர்ந்து குடுத்தா போதாது. உள்ள வச்சுக் குடுக்கணும். நாலு தடவை. ஆரம்பிச்ச நாள்லேர்ந்து அம்பத்தாறு நாளுக்குள்ள எல்லாத்தையும் முடிச்சாகணும். தள்ளிப்போடப் போட, திரும்பி வர்றதுக்கு வழி விடறோம்னு அர்த்தம். நாப்பத்திரெண்டாம் நாள் காலையில வந்துடுங்க."

சம்மதக் காகிதத்தை நீட்டினார். படக்காரர் எதையும் வரி விடாமல் படிப்பவர். மூன்றாவது பத்தியில் அவர் விரல் நின்றது. இரிடியம் என்று எழுதி, அதன் வலு பத்து கியூரி என்றும் போட்டிருந்தது. அவர் பெட்டியிலிருந்த துண்டின் பெயரும் இரிடியம்தான்.

காகிதத்தை நாலாக மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, "யோசிச்சுச் சொல்றோம்" என்று எழுந்துவிட்டார்.

நாற்பத்திரண்டாம் நாள் போகவில்லை. ஆஸ்பத்திரியிலிருந்து போன் வந்தது. அவர் எடுக்கவில்லை. மறுநாள் தங்கை ஊரிலிருந்து வந்து இறங்கினாள். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே ஆரம்பித்துவிட்டாள்.

"மாமா, மூணு தடவை போன் பண்ணியிருக்காங்க. எடுக்க மாட்டேங்கிறீங்க. என்னதான் நெனச்சுக்கிட்டு இருக்கீங்க?"

"உனக்குத் தெரியாது."

"தெரியாதுதான். சொல்லுங்க, தெரிஞ்சுக்கிறேன்."

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ரொட்டியக்கா அடுப்படியில் ரொட்டியை வாட்டிக்கொண்டே குரல் கொடுத்தாள்.

"அவர் சொல்ல மாட்டாரு. நான் சொல்றேன் கேளு. இவரு பெட்டியில என்னமோ வச்சிருக்காரே, அதைத்தான் என் உள்ள வைக்கப்போறாங்க. அதான?"

அவர் திடுக்கிட்டுத் திரும்பினார். "யார் சொன்னா உனக்கு?"

"சொல்லணுமாக்கும். அந்தப் பேரைப் படிச்சதும் உங்க மூஞ்சி போன போக்கைப் பாத்தேனே. முப்பது வருஷம் குப்பை கொட்டியிருக்கேன், இதுகூடத் தெரியாதா?"

அப்போதுதான் அவர் வாயைத் திறந்தார். பெட்டியைச் சொன்னார், நாற்பது எட்டைச் சொன்னார், மூன்று விரல் போனவரைச் சொன்னார். சொல்லி முடித்துவிட்டு, சட்டைப்பையிலிருந்து அந்தக் காகிதத்தை எடுத்துத் திருப்பிக் காட்டினார். பின்பக்கம் பூராவும் பென்சிலால் கணக்குப் போட்டிருந்தார்.

"கதிரை ரெம்னு ஒரு அளவுல அளப்பாங்க. எனக்கு ஒரு வருஷத்துக்கு இவ்வளவு ரெம்தான் வாங்கலாம்னு வச்சிருக்காங்க. ரெண்டு. வருஷம் பூராவுக்கும் ரெண்டே ரெண்டு. அதைத் தாண்டினா வேலையை விட்டு நிறுத்திருவாங்க. இவங்க வைக்கப்போறது உன் உள்ள, ஒரு சென்டிமீட்டர் தூரத்துல, ஒரே நிமிஷத்துல எண்ணூறு. கணக்கை நாலு தடவை போட்டுப் பாத்துட்டேன். எண்ணூறுக்குக் கொறையவே மாட்டேங்குது. நாப்பது எட்டு தள்ளி நிக்கிறவன் நான். நானே உன்னைக் கூட்டிட்டுப் போயி அது பக்கத்துல படுக்க வைக்கவா?"

ரொட்டியக்கா வாயடைத்துப்போய் நான் பார்த்ததில்லை. அன்றைக்கு அது நடந்ததாகத் தங்கை சத்தியம் செய்கிறாள். ரொட்டி கருகிப் புகை வந்த பிறகுதான் அவள் அடுப்பை அணைத்தாளாம்.

"அப்புறம் இன்னொன்னு" என்றார் அவர். தோளில் கிடந்த துணியால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "உனக்கு இது வந்ததே என்னாலதானோ என்னவோ. இத்தனை வருஷம் அது கூடவே கெடந்துட்டு, உன் பக்கத்துல வந்து படுத்திருக்கேனே."

ஆள் அதை மனதில் போட்டுப் புழுங்கிக்கொண்டிருந்தது அப்போதுதான் இரண்டு பெண்களுக்கும் தெரிந்தது. தங்கை எழுந்து போய்த் தண்ணீர் கொண்டுவந்து வைத்தாள். ரொட்டியக்கா அவருக்கு எதிரே வந்து தரையில் உட்கார்ந்தாள்.

"ஏங்க, இங்க பாருங்க. நான் மாவு பிசையிறவ. எனக்கு இதெல்லாம் வெளங்காது. உங்களுக்கு வெளங்குது, ஆனா பாதிதான் வெளங்குதோன்னு எனக்குச் சந்தேகமா இருக்கு. நாளைக்குக் காலையில இந்தக் கணக்கை எடுத்துட்டுப் போயி அங்க காட்டுங்க. கணக்கு தப்புன்னு அவங்க சொன்னா நான் போயி படுத்துக்கிறேன். சரின்னு சொன்னா, உங்க இஷ்டம், வீட்டோட கெடந்து சாகறேன். என்னால வந்துச்சா, உங்களால வந்துச்சாங்கறதையும் அங்கேயே கேட்டுட்டு வந்துடுங்க."

நாற்பத்துநாலாம் நாள் காலை அவர் போனார். டாக்டரம்மா காகிதத்தைப் பார்த்துவிட்டு, "இது என் டிபார்ட்மெண்ட் இல்லை" என்று கீழ்த்தளத்துக்கு அனுப்பினார். ஜன்னல் இல்லாத ஓர் அறை. இரண்டு பெரிய திரைகளுக்கு முன்னால், மூக்குக்கண்ணாடியைத் தலைக்கு மேல் ஏற்றிவிட்டுக்கொண்டு, மேஜை இழுப்பறையிலிருந்து பிஸ்கட் எடுத்துக் கடித்துக்கொண்டிருந்தாள் ஒரு பெண். யாருக்கு எங்கே எவ்வளவு கதிர் என்று கணக்குப் போடுகிற மருத்துவ இயற்பியல்காரி. ரொட்டியக்கா பிற்பாடு அவளுக்குக் கணக்கம்மா என்று பெயர் வைத்துவிட்டாள். நாமும் அப்படியே சொல்வோம்.

கணக்கம்மா காகிதத்தை வாங்கிப் பார்த்தாள். கண்ணாடியைக் கீழே இறக்கினாள். கால்குலேட்டரில் தட்டினாள்.

"யார் போட்டது இது?"

"நான்தான் மேடம்."

"கணக்கு சரியா இருக்கே."

படக்காரர் அங்கிருந்த நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்துவிட்டார். தப்பு என்று சொல்லிவிடமாட்டார்களா என்றுதான் அவர் வழியெல்லாம் வேண்டிக்கொண்டு வந்திருந்தார்.

"எண்ணூத்துச் சில்லறை. சரிதான்" என்றாள் அவள். "நீங்க எங்க வேலை பாக்கிறீங்க?"

சொன்னார். அவள் பிஸ்கட்டைக் கீழே வைத்துவிட்டாள்.

"உங்க பெட்டியில எவ்வளவு இருக்கும்?"

"புதுசா வந்தா அம்பது கியூரி."

"அடேயப்பா! எங்களுது பத்துதான். நீங்கல்லாம் பெரிய ஆளு சார்."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. "அந்தப் பத்தைத்தான் மேடம் என் பொண்டாட்டி வயித்துக்குள்ள வைக்கிறேங்கிறீங்க."

"ஆமா. சரி, ஒன்னு கேக்கிறேன். ஒரு சென்டிமீட்டர்ல எண்ணூறு. ரெண்டு சென்டிமீட்டர்ல எவ்வளவு?"

"தூரம் ரெண்டு மடங்கானா கால்வாசி. இருநூறு."

"மூணுல?"

"தொண்ணூறு வரும்."

"நாலுல?"

"அம்பது."

இதையெல்லாம் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். ஆனால் அன்றுவரை அவர் அந்தக் கணக்கை மீட்டரில்தான் போட்டிருக்கிறார். நாலு சென்டிமீட்டருக்கு யாரும் அவரிடம் கேட்டதில்லை. எண்ணூறு ஐம்பதாக இறங்குகிற தூரம் ஒரு தீப்பெட்டி நீளம்கூட இல்லை என்பது வாயால் சொன்ன பிறகுதான் அவருக்கு உறைத்தது.

"அந்த எண்ணூறு எனக்கு வேணும் சார்" என்றாள் கணக்கம்மா. "கட்டி இருக்கிற இடத்துல வேணும். அதைக் கொல்றதுக்கு அவ்வளவு வேணும். முன்னாடி மூத்திரப்பை இருக்கு, பின்னாடி மலக்குடல் இருக்கு. அங்கே வேண்டாம். நீங்க நாப்பது எட்டுல பண்றதை நான் நாலு சென்டிமீட்டருக்குள்ள பண்ணணும். அதுக்கு எது எங்க இருக்குன்னு எனக்கு மில்லிமீட்டர் சுத்தமாத் தெரிஞ்சாகணும். அதனாலதான் கருவியை உள்ள வச்சதுக்கு அப்புறம் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கிறோம். குருட்டாம்போக்குல வைக்கிறதில்லை."

பெயரை அழித்து வைத்திருந்த ஒரு பழைய ஸ்கேனைத் திரையில் கொண்டுவந்தாள். யாரோ ஒரு பெண்ணின் இடுப்பு, மெல்லிய சீவல் சீவலாக, ஒன்றன்பின் ஒன்றாக. படக்காரர் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். சாம்பல் நிறத்தில் நிழல் படிப்பதுதானே அவர் தொழில். கேட்டுக் கேட்டு ஒவ்வொன்றாக அடையாளம் கண்டுகொண்டார். நடுவே துண்டு நின்று நின்று போகும் புள்ளிகள். ஒரு புள்ளியில் அவள் நேரத்தை நாலு வினாடி குறைத்தாள். கதிர் எதுவரை எட்டும் என்று காட்டிச் சுற்றியிருந்த கோடுகள் அந்தப் பக்கம் உள்வாங்கின. இன்னொன்றில் கூட்டினாள், கோடு அந்தப் பக்கம் புடைத்துக்கொண்டது. அவர் எழுந்து நின்றுவிட்டார். இருபத்திரண்டு வருடமாக அது நாலாபக்கமும் பாய்கிற வெறி பிடித்த ஒன்று. பயந்து ஓடத்தான் முடியும் என்று இருந்தவர். அதை ஒருத்தி உட்கார்ந்த இடத்தில், பிஸ்கட் தின்றுகொண்டு, இங்கே போ, அங்கே போகாதே என்று வளைத்துக்கொண்டிருந்தாள்.

கிளம்பும்போது வாசலில் நின்று, தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"மேடம், அவளுக்கு இது என் வேலையாலதான் வந்துச்சா?"

"இல்லை சார். இது ஒரு வைரஸ்னால வர்றது. ஊர்ல முக்கால்வாசிப் பேருக்கு அது வரும், தானாப் போயிடும். சிலருக்குப் போகாம உள்ளேயே தங்கிடும். உங்க பெட்டிக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்லை."

வீட்டில் அக்காவும் தங்கையும் வாசற்படியிலேயே காத்திருந்தார்கள்.

"என்ன சொன்னாங்க? கணக்கு தப்புதான?"

"கணக்கு சரியாம்."

ரொட்டியக்காவின் முகம் செத்துவிட்டது. "அப்ப?"

"அப்ப என்ன அப்ப? நாளைக்கு ஏழு மணிக்கு அங்க இருக்கணும். துணி எடுத்து வை, கெளம்பு."

நாற்பத்தைந்து, நாற்பத்தெட்டு, ஐம்பத்திரண்டு, ஐம்பத்தைந்து என்று டாக்டரம்மா தேதி குறித்தார். "ஒரே ஒரு நாள்தான் கையில மிச்சம் வச்சிருக்கீங்க" என்று அவரை ஒரு பார்வை பார்த்தார்.

முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்தார்கள். கருப்பைக்குள் மெல்லிய குழல் ஒன்றையும் கருப்பை வாயில் ஒரு வளையத்தையும் வைத்து, இரண்டும் அசையாமல் இருக்கவும் மூத்திரப்பையும் குடலும் தள்ளி நிற்கவும் சுற்றிலும் துணி வைத்து இறுக்கினார்கள். மூத்திரப்பையைக் காலி செய்து, திரும்ப அளந்து இவ்வளவு நீர் என்று நிரப்பினார்கள். பிறகு நாலு பேர் சேர்ந்து அவளை அலுங்காமல் குலுங்காமல் தூக்கி ஸ்கேனுக்குக் கொண்டுபோனார்கள்.

"என்னைய அடுப்புல ஏத்துற டிரே மாதிரி தூக்குறாங்கடி" என்று தங்கையிடம் சொன்னாளாம். "இடுப்புக்குக் கீழ எனக்குச் சொந்தமே இல்ல. மூக்கு மட்டும் அரிக்குது. கொஞ்சம் சொறிஞ்சு விடு."

ஸ்கேன் முடிந்ததும் அவளை அசையாமல் படுக்கவைத்துவிட்டு, கீழ்த்தளத்து அறையில் டாக்டரம்மாவும் கணக்கம்மாவும் உட்கார்ந்தார்கள். படக்காரர் கதவுக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள வாங்க சார்" என்றாள் கணக்கம்மா. "எதையும் தொடாம நில்லுங்க."

டாக்டரம்மா ஒவ்வொரு சீவலாக எடுத்துக் கோடு வரைந்துகொண்டிருந்தார். மூத்திரப்பைக்கு ஒரு நிறம், குடலுக்கு ஒரு நிறம், கட்டிக்குச் சிவப்பு. முப்பது வருடம் கூட வாழ்ந்தவளை அவர் இப்படிப் பார்த்ததில்லை. கருப்பை ஒரு கைப்பிடிக்குள் அடங்கும் போலிருந்தது. இதற்குள்தானா இரண்டு பிள்ளைகள் இருந்தார்கள், இவ்வளவு சின்ன இடத்துக்குள்ளா என்று நினைத்ததும் அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. அழுவதா கும்பிடுவதா என்று தெரியாமல் நின்றார்.

"கட்டி வலது பக்கம் சாஞ்சிருக்கு பாருங்க" என்று டாக்டரம்மா திரையைச் சுட்டிக் காட்டினார். "முதல்ல இங்கேர்ந்து இதுவரைக்கும் இருந்துச்சு. இப்ப இவ்வளவுதான். இதை விட்டா மறுபடியும் வளரும்."

படக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு உற்றுப் பார்த்தார். பழக்கதோஷம் சும்மா இருக்க விடவில்லை. குடலில் கன்னங்கரேலென்று ஓர் உருண்டை.

"மேடம், இங்க காத்துக்குமிழி ஒன்னு மாட்டியிருக்கே. எங்க ஃபேக்டரியா இருந்தா திருப்பி அனுப்பிருவோம்."

இரண்டு பேரும் சிரித்துவிட்டார்கள். "இருக்கு. வாயு" என்றாள் கணக்கம்மா. "குடல் சுவரைக் குழல் பக்கம் தள்ளிட்டு நிக்குது. அதை வெளியேத்த நர்ஸை அனுப்பிட்டேன். இன்னொரு தடவை படம் எடுத்துத்தான் மேல போவோம்."

படுக்கையில் ரொட்டியக்காவுக்குத் தகவல் போனது. தன் வாயுவைத் தன் புருஷன் உட்பட மூன்று பேர் டிவியில் பார்த்தார்கள் என்பதை அவள் இன்றுவரை மறக்கவில்லை. மாவு பிசையும்போதெல்லாம் சொல்லிச் சிரிக்கிறாள்.

இரண்டாவது படத்தில் உருண்டை இல்லை. கணக்கம்மா புள்ளிகளை எடுத்துக்கொண்டாள். குழலில் பத்து இடம், வளையத்தில் எட்டு. ஒவ்வொன்றிலும் எத்தனை வினாடி என்று கூட்டினாள், குறைத்தாள். மூத்திரப்பைப் பக்கம் கோடு தாண்டியது. நாலு வினாடியை எடுத்தாள். எடுத்ததில் வலது பக்கம் சிவப்பின் ஓரம் வெளியே தெரிந்தது. வளையத்தின் வலது புள்ளிகளில் கூட்டினாள். இரண்டு மில்லிமீட்டருக்காக இருபது நிமிடம் மல்லுக்கட்டினாள். அவர் மூச்சுவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் கோடு சிவப்பை முழுசாக உள்ளே வாங்கிக்கொண்டது. டாக்டரம்மா ஒருமுறை எல்லாச் சீவல்களையும் ஓட்டிப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

சிகிச்சை அறையில் குழல்களைப் பெட்டியோடு இணைத்தார்கள். அவர் பெட்டியைவிடப் பெரியது, சக்கரம் வைத்தது. ஆனால் பார்த்த மாத்திரத்தில் அவருக்குத் தெரிந்துவிட்டது. இணைப்புகளைத் தட்டிப் பார்த்துவிட்டு ஒவ்வொருவராக வெளியேறினார்கள். கடைசியாகக் கணக்கம்மா வந்து கதவை இழுத்தாள். ஒரு சாண் கனத்துக்கு ஈயம் வைத்த கதவு. உள்ளே ரொட்டியக்கா மட்டும் தனியே கிடந்தாள்.

அவரது கால்கள் அவரைக் கேட்காமலே பின்னால் நடந்தன. பதினோரு எட்டு போன பிறகுதான் அவருக்கே தெரிந்தது.

"எங்க சார் போறீங்க? சுவர் இருக்கு, ஒன்னும் ஆகாது. இங்க வாங்க."

அவமானமாக இருந்தது. திரும்பி நடந்து வந்தார். ஒரு திரையில் கேமரா வழியே மனைவி தெரிந்தாள், கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்துத் திரையில் புள்ளிகளும் வினாடிகளும். மொத்தம் ஒன்பது நிமிடம் நாற்பது வினாடி.

"அக்கா, ஆரம்பிக்கலாமா?" என்று மைக்கில் கேட்டாள் கணக்கம்மா.

"நான் எந்திரிச்சு ஓடவா முடியும்? ஆரம்பிங்க."

முதலில் வெறும் கம்பி ஒன்று போய், வழி தடையில்லாமல் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பியது. பிறகு கதவுக்கு மேலே சிவப்பு விளக்கு எரிந்தது.

"வெளிய வந்துடுச்சு" என்றார் படக்காரர் தனக்குத்தானே. கயிற்றுக்குள் ஆள் இருக்கிறது, அந்த ஆள் தன் மனைவி. கணக்கம்மா அவர் முகத்தைப் பார்த்தாள். பார்த்துவிட்டு மைக்கை அவர் பக்கம் நகர்த்தினாள்.

"பேசுங்க சார். அவங்களுக்கும் துணையா இருக்கும்."

"நான்தான்" என்றார்.

"தெரியுது. மூச்சு வாங்குறது இங்க வரைக்கும் கேக்குது. அது வந்துடுச்சா?"

"வந்துடுச்சு. மேல நுனியில நிக்குது."

"எனக்கு ஒன்னுமே தெரியலையே. சுடல, குத்தல."

"தெரியாது. அது அப்படித்தான்."

"அப்ப நீங்க சொல்லுங்க. எங்க போகுது, எங்க நிக்குதுன்னு சொல்லிட்டே வாங்க. எனக்கு இங்க பாக்கிறதுக்கு ஒன்னும் இல்ல, ஒரு ஃபேன்தான் இருக்கு."

அவர் திரையைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தார். "ஒரு படி எறங்குது. பதினெட்டு செகண்ட். இன்னொரு படி. இப்ப மூத்திரப்பை கிட்டே வருது. இங்க அஞ்சு செகண்ட்தான், பயப்படாத. போயிடும். போயிடுச்சு." உள்ளேயிருந்து ம் என்று சத்தம் வந்தது. "குழல் முடிஞ்சுது. இப்ப வளையத்துக்குப் போகுது. இடது பக்கம். இங்கயும் ரொம்ப நேரம் இல்ல. இப்ப வலது பக்கம் வருது. கட்டி சாஞ்சிருக்கில்ல, அந்தப் பக்கம்."

அங்கேதான் நீண்ட நேரம். அவரே பார்த்துக்கொண்டிருக்கக் கணக்கம்மா கூட்டிக் கூட்டி வைத்த வினாடிகள். திரையில் எண் மெதுவாக இறங்கிக்கொண்டிருந்தது. தொழிற்சாலையில் துண்டு வெளியே நிற்கும் ஒவ்வொரு வினாடியும் அவர் உதடு, வந்துடு, வந்துடு என்று முணுமுணுக்கும். அது பெட்டிக்குள் அடைகிறவரை ஓயாது. அன்றைக்கும் உதடு அசைந்தது. பக்கத்திலிருந்த கணக்கம்மா, ஏதோ சாமி பேர் சொல்கிறார் என்றுதான் முதலில் நினைத்தாளாம்.

"நில்லு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். "இன்னும் கொஞ்சம் நில்லு. போயிடாத. நில்லு."

மைக் திறந்தே இருந்தது.

"யாரை நிக்கச் சொல்றீங்க?" என்றாள் உள்ளேயிருந்து. "நான் எங்க போகப்போறேன்?"

"உன்னை இல்லம்மா. அதைச் சொல்றேன்."

கேமராவில் அவள் கூரையைப் பார்த்தபடியே கிடந்தாள். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"அப்ப ஏன் வாய்க்குள்ளேயே சொல்றீங்க? நல்லாச் சத்தமாச் சொல்லுங்க. அதுக்குக் கேக்கட்டும்."